ஜிப்பு வைத்த தூக்கம்

ஸ்லீப்பிங் பேக் தைத்து விற்கிற தொழிலில் துணியைப் பற்றியோ உள்ளே அடைக்கிற பஞ்சைப் பற்றியோ யாரும் வாய் திறக்க மாட்டார்கள், திட்டு மொத்தமும் ஜிப்புக்குத்தான் விழும். மலைக்குப் போன இடத்தில், கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு, ஜிப்பை இழுத்து இழுத்து நகம் பிய்ந்து, "எவன்டா இதைத் தைச்சவன்" என்று கேட்டவர்தானே நீங்களும்? அந்த எவன் நான்தான். பெண்பிள்ளை என்று மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் பட்டறை தூத்துக்குடியில், மாப்பிள்ளையூரணிக்குப் போகிற சாலையில் இருக்கிறது. நான் பிறந்தது நாசரேத்தில், டீச்சர் வீட்டில். டீச்சராகாமல் தையல் படித்தேன் என்ற வருத்தம் அங்கே இன்னும் ஆறவில்லை. வாக்கப்பட்டு வந்த வீட்டில் லாரிக்கும் உப்பு அம்பாரத்துக்கும் தார்பாய் தைக்கிற பட்டறை இருந்தது. அதில் பாதி மெஷினை நான் ஸ்லீப்பிங் பேக்குக்கு மாற்றினேன். ஃபேனை முழு வேகத்தில் வைத்தாலும் வேர்க்கிற ஊரில் குளிருக்குப் பை தைக்கிறாளே என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவருக்கெல்லாம் கண் மங்கலா என்ன?

எங்க வீட்டுக்காரர் ஜெபராஜ் துறைமுகத்தில் கிளியரிங் வேலை பார்க்கிறார். நல்ல மனுஷன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். கிறிஸ்மஸுக்குள் நிலையாக ஒரு ஆர்டர் வர வேண்டும், இல்லையென்றால் எல்லா மெஷினும் மறுபடி தார்பாய்க்கே போய்விடும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

அந்த நேரத்தில்தான் கொடைக்கானல் மேல்மலையில் ஆட்களை மலையேற்றத்துக்குக் கூட்டிப்போகிற ஒரு கம்பெனியிலிருந்து சந்திரா மேடம் பேசினார். அவர்தான் முதலாளி. துணி எதுவானாலும் சரி, ஜிப்பை மட்டும் எங்கே வைப்பது, என்ன ஜிப்பு, எத்தனை நீளம் என்று நானே யோசித்து, காரணத்தோடு மாதிரிப் பை கொண்டுவர வேண்டும், பிடித்தால் இனி தன் கம்பெனிக்கு எல்லாப் பையும் என்னிடம்தான் என்றார். ஆக, என் ஸ்லீப்பிங் பேக் தொழிலின் உயிர் ஒரு ஜிப்பில் தொங்கியது. அந்த ஜிப்பைத் தேடிய கதைதான் இது.

பித்தளைப் பல்

முதலில் பித்தளைப் பல் ஜிப்புதான் வைத்தேன். பார்க்க நகை மாதிரி மின்னியது. முதல் பையை வாங்கிப்போனவர் வேம்பார் ரொசாரியோ அண்ணன். தங்குகடலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போகிற படகுக்காரர். வாடைக் காற்றில் மேல்தட்டில் படுத்தால் விடியும்போது போர்வை பிழிகிற மாதிரி நனைந்துவிடுகிறது, இது நனையாதாமே என்று ஆசையாக வாங்கிப்போனார்.

கொஞ்ச நாளில் கடற்கரை ரோட்டு பஸ்ஸில் பையைச் சுருட்டிக்கொண்டு வந்து இறங்கினார். உப்புக்காற்றில் பல்லெல்லாம் பச்சைக் களிம்பு பூத்து, ரன்னர் ஒரு இடத்தில் இறுகி நின்றிருந்தது. ரன்னர் என்றால் ஜிப்பில் நாம் பிடித்து இழுக்கிற அந்தச் சின்ன வண்டி. பையின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கிழிசல். கோபமாகக் கத்துவார் என்று பார்த்தால், மனுஷன் டீயை வாங்கிக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஜிப்பு நல்ல ஜிப்புதான் தங்கச்சி. விக்கும்போது மீன் வெட்டுற கத்தி ஒண்ணும் சேத்துக் குடுத்துருங்க."

சத்தம் வரக் கூடாது

பித்தளை போயிற்று. இனி பிளாஸ்டிக்தான். அதிலும் இரண்டு சாதி உண்டு. ஒன்று தடித்தடியாகப் பல் வைத்தது. முரட்டு பலம், ஆனால் வளைவில் விறைத்துக்கொண்டு நிற்கும். இன்னொன்று நைலான் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றியது. இழுத்த இழுப்புக்கு வளையும், நடுவில் பிளந்துகொண்டால் ரன்னரை ஒரு தடவை கீழே கொண்டுபோய் மேலே இழுத்தால் தானாகச் சேர்ந்துவிடும். எதை வைப்பது என்று இரண்டு பையை மேஜையில் போட்டுவிட்டு நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது உப்புக் குடோன் வாட்ச்மேன் ஒருவர் வந்தார். இரண்டு பையையும் காதருகே பிடித்து ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். பல் வைத்தது கடகடவென்றது. சுருள் ஜிப்பு முணுமுணுப்போடு திறந்தது. முகம் மலர்ந்து அதையே எடுத்துக்கொண்டார். நல்ல தூக்கம் வரும் அண்ணாச்சி, சத்தமே இருக்காது என்று நான் வியாபாரப் பேச்சைத் தொடங்கினேன். அவர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "தூங்குறதுக்கு எனக்கு சாக்கு போதும்மா. சூப்பர்வைசர் வண்டி வந்தா சத்தமில்லாம எந்திரிக்கணும்லா, அதுக்குத்தான் இது."

காலுக்கு வழி

எந்த ஜிப்பு என்பது முடிவாயிற்று. அடுத்தது நீளம். கழுத்திலிருந்து இடுப்பு வரை மட்டும் ஜிப்பு வைத்து, காலடியை மூடியே தைத்தால் பை எடை குறையும், குளிர் நுழைய இடுக்கும் குறையும். மலையேறுகிறவர்கள் முதுகில் சுமக்கிற சாமான், எடை குறைந்தால் கும்பிடுவார்கள். எங்கள் பட்டறையின் மூத்த தையல்காரர் சூசை அண்ணாச்சிக்கும் இதே எண்ணம்தான். தார்பாய் காலத்திலிருந்து இருப்பவர். கத்தரியைக் கையில் எடுத்துவிட்டால் என்னையே வேலைக்காரி மாதிரி நடத்துவார். அவர் தைத்த அரை ஜிப்புப் பை அத்தனை லட்சணமாக இருந்தது. கிழிந்த பைக்குப் பதிலாக அதையே ரொசாரியோ அண்ணனுக்குக் கொடுத்தேன்.

அவர் அதைத் தரையில் விரித்தார். கையை உள்ளே விட்டுக் காலடி வரை துழாவினார். அங்கே வழி இல்லை என்று தெரிந்ததும் பையை மடித்துப் பதமாக என் மேஜையில் வைத்துவிட்டார். படகில் யாரும் போர்வையைக்கூடக் காலுக்கடியில் செருகிக்கொண்டு தூங்க மாட்டார்களாம். அப்படி யாராவது படுத்திருந்தால் தாண்டிப் போகிறவர் காலாலேயே இழுத்துவிட்டுப் போவாராம். படகு சாய்ந்தால் முதலில் உதைக்க வேண்டியது கால்தானே. அண்ணே, இது மலைக்குத் தைத்தது, மலை கவிழாது என்று நானும் விடாமல் வாதாடினேன். தலையை ஆட்டி ஒத்துக்கொண்டார். பையைத் தொடவில்லை. "மலை கவுறாதுதான் தங்கச்சி. ஆனா காலைக் கட்டிக் கிடத்துறது பொணத்தைத்தான். ஆயிரம் சொல்லுங்க, நான் அதுல படுக்க மாட்டேன்."

சேராத ஜோடி

அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு அரை ஜிப்பைப் பார்க்கவே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முழு நீள ஜிப்பு, கழுத்தில் ஒரு ரன்னர், காலடியில் ஒரு ரன்னர் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். மேலே இருந்தும் திறக்கலாம், கீழே இருந்தும் திறக்கலாம். குளிர் நுழையாமல் இருக்க ஜிப்புக்குப் பின்னால் பஞ்சு அடைத்த ஒரு மடிப்பு. எடை கூடுதே என்று சூசை அண்ணாச்சி முறைத்தார். மனுஷனுக்குத் தலை ஒன்று, வாசலும் ஒன்று போதும் என்பது அவர் கட்சி. கால் பக்கத்து ரன்னரை ஏதோ எனக்கு வந்த சீக்கு மாதிரி வேண்டா வெறுப்பாகத்தான் மாட்டினார்.

அந்தச் சமயத்தில் விளாத்திகுளத்திலிருந்து புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று வந்தது. இரண்டு பேரும் பள்ளிக்கூட வாத்தியார்கள். மலைக்குப் போகிறோம், இரண்டு பையையும் ஒன்றாகச் சேர்த்து மாட்டிக்கொள்ள முடியுமா என்று மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முழு ஜிப்பு, தாராளமாக மாட்டலாம் என்று கொடுத்தனுப்பிவிட்டோம். ஒரு பைக்கு ஜிப்பு இடது பக்கமும் இன்னொன்றுக்கு வலது பக்கமும் இருந்தால்தானே சேரும்? சூசை அண்ணாச்சி தன் கைவாகுக்கு எல்லாவற்றையும் ஒரே பக்கம்தான் தைத்திருந்தார். ஒன்றைக் குப்புறப் போட்டால் சேரும், ஆனால் தலையை மூடுகிற குல்லா மூஞ்சிக்கு மேலே வந்துவிடும்.

திரும்பி வந்ததும் நேரே கடைக்கு வந்தார்கள். மாப்பிள்ளை உம்மென்று நின்றார். நான் மன்னிப்புக் கேட்டு, ஒன்றை மாற்றித் தருகிறேன் என்று கையை நீட்டினேன். பெண்தான் முந்திக்கொண்டு சொன்னது: "மாத்துங்கக்கா, ஆனா நல்லவேளை அன்னைக்குச் சேரல. வத்தலக்குண்டு தாண்டும்போதே எங்களுக்குள்ள சண்டை, மலை இறங்குற வரைக்கும் பேச்சே இல்ல."

ஐயர் வந்த நேரம்

இடமும் வலமும் தைத்தாயிற்று. டிசம்பரும் பிறந்துவிட்டது. மாதிரிப் பையில் யாராவது படுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு ஏசி ரூம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஏசியைக் குளிரக் குளிர வைத்து, எங்க வீட்டுக்காரரைப் பைக்குள் படுக்கவைத்துக் கழுத்து வரை ஜிப்பை மூடினேன். சுகமாகத்தான் இருக்குளா என்று கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் கப்பல் ஏஜென்ட்டிடமிருந்து போன் வந்தது. அவசரமாக ஜிப்பை இழுத்தார். உள்துணியைக் கவ்விக்கொண்டு ரன்னர் அரை சாண் நகர்ந்து நின்றுவிட்டது. கால் பக்கம் ஒரு ரன்னர் இருப்பதே அவருக்கு நினைவில்லை. போன் இருந்தது ஹாலில். மனுஷன் எழுந்து, பையோடு தத்தித் தத்திக் குதித்து ஹாலுக்குப் போனார்.

ஹாலில் எங்கள் சபைப் பாதிரியார், நாங்கள் ஐயர் என்போம், அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தார். கிறிஸ்மஸுக்கு முன்னால் வீடு வீடாக ஜெபிக்க வருவது வழக்கம், அன்றைக்கு எங்கள் வீட்டு முறை. நான் அடுக்களையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். கழுத்து வரை நீலப் பையோடு குதித்து வந்து நின்றவரை ஐயர் மேலும் கீழும் பார்த்தார். சிரிக்கவில்லை. பெரிய மனுஷன். வேதப்புத்தகத்தைத் திறந்துகொண்டே சொன்னார்: "முழங்கால் போட முடியாதுன்னு வருத்தப்படாதீங்க தம்பி. நின்னுகிட்டே ஜெபிக்கலாம்."

மேல்மலையில் விடிந்தபோது

ஜிப்பு ஓரத்தில் இரண்டு பக்கமும் விறைப்பான நாடா வைத்துத் தைத்தால் உள்துணி சிக்காது. அதையும் செய்தோம். எங்க வீட்டுக்காரர் அன்றைக்குப் பட்ட அவமானத்தில் தார்பாய்ப் பேச்சை இன்னும் அழுத்திப் பேச ஆரம்பித்திருந்தார். கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம்கூட இல்லை. சூசை அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு, மாதிரிப் பையோடு மேல்மலைக்குப் பஸ் ஏறினேன். என் ஜிப்பு மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. காரணங்களை வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

சந்திரா மேடம் அதிகம் பேசாத மனுஷி. பேச்செல்லாம் காலையில், முதலில் பாண்டி படுத்துப் பார்க்கட்டும் என்றுவிட்டார். பாண்டி அவர்களுடைய கைடு. முகாமில் சமையலும் அவர்தான். கதவு அகலத்துக்குத் தோள். பையை வாங்கிக்கொண்டு தன் கூடாரத்துக்குப் போனார்.

காலையில் புல் மேலெல்லாம் வெள்ளையாகப் பனி. மேடமும், மலையேற வந்திருந்த விருந்தாளிகளும், நாங்களும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பாண்டி வந்து டீ போடட்டும் என்று காத்திருந்தோம். ஆள் வரவில்லை. கூடாரம் மட்டும் குலுங்கியது. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது, ஜிப்பு நகரவில்லையாம். நான் ஓடிப்போய்க் கூடாரத்துக்குள் தலையை விட்டு ரன்னரைப் பிடித்து இழுத்தேன். சிமென்ட் வைத்துப் பூசியது மாதிரி நின்றது. கழுத்திலிருந்து இடுப்பு வரை சுருளெல்லாம் வெள்ளையாக மெழுகு படிந்திருந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

திரும்பிப் பார்த்தேன். சூசை அண்ணாச்சி குரங்குக் குல்லாவுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு மலையை ரசித்துக்கொண்டிருந்தார். என்ன செஞ்சீய என்று கேட்டேன். ரன்னர் வழுக்கிக்கொண்டு போகட்டும், பார்க்கிறவர்கள் அசந்துபோகட்டும் என்று கிளம்பும்போது பஞ்சில் தோய்த்துத் தாராளமாகத் தடவியிருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் தேங்காய் எண்ணெயைத் தண்ணீராகத்தான் பார்த்திருக்கிறோம். மார்கழியிலும் அது எங்கள் ஊரில் கல்லாகாது. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு நியாயம் எதுவும் தோன்றவில்லை. மேடம் எழுந்து எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். போச்சு, எல்லாம் போச்சு, இனி ஆயுசுக்கும் தார்பாய்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது பையின் கால் பக்கத்திலிருந்து மெல்ல ஒரு முணுமுணுப்பு கேட்டது. பாண்டி உடம்பை மடக்கிக் கையைக் கீழே கொண்டுபோய் அந்த ரன்னரைப் பிடித்துவிட்டார். காலடியிலிருந்து இடுப்பு வரை சரசரவென்று திறந்தது. இரண்டு காலும் வெளியே வந்தன. பை மேலேயே கிடக்க, பாண்டி எழுந்து நின்றார், கூடாரத்தை விட்டு வெளியே நடந்தார், அடுப்படிக்குப் போனார். இரண்டு கையும் வெளியே வரும் அளவுக்குத் திறந்த ஓரத்தை ஒதுக்கிவிட்டு, பையைக் கோட்டு மாதிரி மாட்டிக்கொண்டே டீ ஆற்றி எல்லோருக்கும் கொடுத்தார். அப்புறம் ரவையை வறுத்தார். விருந்தாளிகள் டீயை வைத்துவிட்டுப் போட்டோ எடுத்தார்கள். அடுப்புச் சூட்டில் எண்ணெய் இளகி, உப்புமா இறங்குவதற்குள் மேல் ரன்னரும் தன்னால் வழுக்கிக் கீழே வந்தது.

மேடம் பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் மனப்பாடம் செய்த காரணம் ஒன்றும் வாயில் வரவில்லை. வேம்பார்க்காரர் ஒருத்தர் காலை மூடினால் படுக்க மாட்டேன் என்றார், அதனால் கீழேயும் ஒரு வழி வைத்தேன் என்று மட்டும் சொன்னேன். எண்ணெய் விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். மேடம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உப்புமாத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஜிப்பு கெட்டா ஆள் உள்ள மாட்டிக்கிட்டு அலறுவாங்க, எனக்கு வந்த பை எல்லாம் அப்படித்தான். இது கெட்டும் பாண்டி வெளிய வந்து டிபன் செஞ்சுட்டார். நீங்களே தைங்க. எண்ணெய் மட்டும் வேண்டாம்."

மலை இறங்குகையில்

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். இத்தனை மாதம் தெருச் சிரிப்பைக் காதில் வாங்காதது மாதிரி நடமாடியதெல்லாம் சேர்ந்து அழவைத்தது. எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். தார்பாய் மெஷினை எல்லாம் வைக்கப் பக்கத்தில் வேறு இடம் வாடகைக்குக் கிடைக்குமா என்று நாளைக்கே விசாரிக்கிறேன் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இன்னும் பத்து மலை ஏறியிருப்பேன்.

பக்கத்து சீட்டில் சூசை அண்ணாச்சி குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு யோசனையாக இருந்தார். பாவம், செய்த காரியத்துக்கு வருந்துகிறார் என்று நினைத்து, விடுங்க அண்ணாச்சி, அந்த எண்ணெயைக் கீழ் ரன்னரிலும் தடவாமல் விட்டீர்களே, அதுவே பெரிய புண்ணியம், ஏன் விட்டீர்கள் என்று ஆறுதலாகக் கேட்டேன். அந்தப் பிரயோஜனமில்லாத ரன்னருக்கு எதுக்கு எண்ணெய்ச் செலவு என்று விட்டாராம். அதோடு நிறுத்தினாரா? நிமிர்ந்து உட்கார்ந்து, அதிகாரமாகச் சொன்னார்: "நான் எண்ணெய் விடாததுனாலதான யம்மா அது தொறந்துச்சு. அதையும் அந்த மேடத்துகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

நான் ராப்பகலாக யோசித்து வைத்தது பாதி, சூசை அண்ணாச்சி வேண்டாமென்று விட்டது மீதி, இரண்டும் சேர்ந்ததைத்தான் எங்கள் பட்டறையில் இப்போது டிசைன் என்று சொல்லித் தைத்துக்கொண்டிருக்கிறோம்.